16 பிள்ளைகள், 7 பந்து, 75 நிமிடம்: முதல் நாளே சொதப்பிவிட்டேன், எப்படித் திட்டமிடுவது?

புதுக்கோச்:
எல்லோருக்கும் வணக்கம். 9 முதல் 11 வயதுக்குள் இருக்கும் 16 பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் "யாருக்காவது ஆடத் தெரியுமா" என்று கேட்டார்கள், கல்லூரியில் இரண்டு வருடம் ஆடினேன் என்று வாயை விட்டேன், அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 75 நிமிடம். ஒரு முழு கோர்ட், இரண்டு ரிங். பந்து மொத்தம் 7, அதில் 4 பெரியவர்கள் ஆடும் 7-ஆம் நம்பர் பந்து.

எனக்கு எங்கள் கோச் செய்ததையே நானும் செய்தேன். கோர்ட்டைச் சுற்றி ஐந்து ரவுண்டு ஓட்டம், அப்புறம் எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்கவைத்து லே-அப் (ஓடிவந்து எழும்பி, ரிங்குக்குப் பக்கத்திலிருந்து பந்தைப் போடுவது), அப்புறம் விதிகளைப் பற்றி ஒரு பதினைந்து நிமிடப் பிரசங்கம், கடைசியில் ஐந்துக்கு ஐந்து மேட்ச். லே-அப் வரிசையின் வால் பக்கம் நின்றவர்கள் ஒருவரையொருவர் இடித்து விளையாட ஆரம்பித்து ஒரு பையனுக்கு மூக்கில் அடி. மேட்சில் பந்து போகும் இடமெல்லாம் பத்துப் பேரும் தேனீக்கூட்டமாக அதன் பின்னாலேயே ஓடினார்கள், மீதி ஆறு பேர் ஓரமாக உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மேட்சில் ஒரு சின்னப் பெண் பந்தைத் தொட்டது மூன்றே முறை. அடுத்த வகுப்புக்கு அவள் வரவில்லை, அதுதான் உறுத்துகிறது.

எதை முதலில் எடுப்பது, எதற்கு எத்தனை நிமிடம், மேட்ச் எப்போது வைப்பது, எந்த விதிகளைப் பார்ப்பது, எதை விட்டுவிடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய பாயிண்ட் கார்டு:
சார், முதலில் அந்த வரிசையை ஒழியுங்கள். சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். ஒரு பிள்ளை ஓடி, லே-அப் போட்டு, பந்தை எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்க 10 வினாடி ஆகிறது என்று வையுங்கள். 16 பேர் ஒரே வரிசை என்றால் ஒருவருக்கு மறுபடி முறை வர 2 நிமிடம் 40 வினாடி. பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு நான்கு லே-அப்கூட முழுசாகக் கிடைக்காது. மீதி நேரமெல்லாம் நிற்கத்தான் பழகுகிறார்கள், நிற்கிற பிள்ளை இடிக்கத்தான் செய்யும்.

நான் திட்டம் போடும்போது என்ன சொல்லிக்கொடுக்கிறேன் என்பதைவிட, இந்த 75 நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பந்து எத்தனை முறை படும் என்றுதான் பார்ப்பேன். அதனால் முதல் தேவை பந்து. வீட்டில் இருக்கிற பந்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள், டிரிபிளுக்கும் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது) பாஸுக்கும் ரப்பர் பந்துகூடப் போதும். இந்த வயதுக்கு 5-ஆம் நம்பர்தான் சரி. 7-ஆம் நம்பர் கிட்டத்தட்ட 600 கிராம், 5-ஆம் நம்பர் அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. பத்து வயதுப் பிள்ளை பெரிய பந்தை ரிங் வரைக்கும் அனுப்ப இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் எக்கி வீசும், அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்க வருடக்கணக்கில் ஆகும். ரிங்கைத் தாழ்த்த முடியுமா பாருங்கள். வழக்கமான உயரம் 3.05 மீட்டர், சின்னப் பிள்ளைகளுக்கான மினி பாஸ்கெட்பாலில் 2.60 மீட்டர்தான். தாழ்த்த முடியாத ரிங் என்றால் கூடை விழுகிறதா என்று எண்ணாதீர்கள், போர்டில் இருக்கிற சின்னக் கட்டத்தில் பந்து பட்டாலே ஒரு புள்ளி என்று சொல்லிவிடுங்கள்.

சரி, நேரம். ரவுண்டு ஓட்டம் வேண்டாம். முதல் 10 நிமிடம் அரை கோர்ட்டுக்குள் டிரிபிள் பிடி விளையாட்டு: ஏழு பேர் டிரிபிள் செய்துகொண்டே தப்பிக்க வேண்டும், பந்து இல்லாதவர்கள் தட்டிப் பறிக்க வேண்டும், பறித்தவருக்கு அந்தப் பந்து. உடம்பும் சூடாகும், தலையைத் தூக்கிப் பார்த்து டிரிபிள் செய்யவும் தானாக வரும், நீங்கள் "மேலே பார், மேலே பார்" என்று தொண்டை வறளக் கத்த வேண்டியதில்லை. அப்புறம் 15 நிமிடம் ஒரே ஒரு விஷயம், ஜோடி ஜோடியாக. இன்று பாஸ் என்றால் பாஸ் மட்டும்தான். அடுத்த 15 நிமிடம் ரிங்குக்குப் பக்கத்தில் நின்று ஷூட்டிங், ஒரு கையால், மூன்றடி தூரத்திலிருந்து. யாரும் தூரத்தில் இருக்கிற ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போகக் கூடாது. தண்ணீர் குடிக்க 5 நிமிடம். மீதி அரை மணி நேரம் மூன்றுக்கு மூன்று ஆட்டம். பாஸ் சரியாக வரவில்லையே, அதையே இன்னும் பத்து நிமிடம் இழுக்கலாம் என்று தோன்றும், இழுக்காதீர்கள், அடுத்த வகுப்பில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

பேச்சு அரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பேசும்போது பந்தை இடுப்போடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் பேசுவது பந்துச் சத்தத்தில் உங்களுக்கே கேட்காது.

விசில் கையிலே:
மேலே சொன்னதில் ஒன்றே ஒன்று எனக்கு ஒத்துவரவில்லை. ஆட்டத்தை ஏன் கடைசிக்குத் தள்ள வேண்டும்? பிள்ளைகள் வந்ததும் கேட்கிற முதல் கேள்வியே "மேட்ச் எப்போ சார்?" என்பதுதான். நான் வந்த உடனே எட்டு நிமிடம் ஆடவிடுவேன், கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பேன். எது தடுமாறுகிறதோ அதுதான் அன்றைக்குப் பாடம். பாஸ் பிடிக்கத் தெரியாமல் திணறிய பிள்ளைக்குப் பாஸ் எதற்கு என்று விளக்க வேண்டியதே இல்லை. அப்புறம், மூன்றுக்கு மூன்று என்றால் இரண்டு ரிங்கிலும் 12 பேர்தான், 4 பேர் மறுபடி ஓரத்தில் லேஸ் கட்டுவார்கள். நான்குக்கு நான்கு வையுங்கள், 16 பேரும் உள்ளே வந்துவிடுவார்கள்.

தேனீக்கூட்டம் அந்த வயதில் எல்லோரும் செய்வதுதான், கத்தினால் கலையாது. டிரிபிளே இல்லாத ஆட்டம் ஒன்று வைத்துப் பாருங்கள். பந்தைப் பிடித்தவர் அங்கேயே நிற்க வேண்டும், பாஸ் மட்டும்தான், மற்றவர்கள் நகர்ந்து நகர்ந்து வாங்க வேண்டும். பந்து கையில் இருப்பவர் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டால் பாஸ் வராது என்பது ஐந்து நிமிடத்தில் அவர்களுக்கே புரிந்துவிடும். இது நான் கண்டுபிடித்ததும் இல்லை, 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய முதல் 13 விதிகளின்படி ஆட்டமே இதுதான்: பந்தோடு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். டிரிபிள் பிற்பாடு வந்து சேர்ந்த சரக்கு.

பழைய பாயிண்ட் கார்டு:
நான்குக்கு நான்கு, ஒத்துக்கொள்கிறேன், கணக்கில் கோட்டை விட்டுவிட்டேன். ஆனால் முதலிலேயே ஆட்டம் வைப்பது பழகிய கோச்சுக்குச் சரி. எது தடுமாறுகிறது என்று எட்டு நிமிடத்தில் கண்டுபிடித்து, உடனே அதற்கு ஒரு பயிற்சியை யோசித்து எடுப்பது புதிதாக வந்தவருக்கு எளிதில்லை. முதல் மாதம் கையில் ஒரு தாளில் திட்டம் எழுதி வைத்துக்கொண்டு போவதே நல்லது.

பி.டி. டீச்சர்:
இரண்டு பேரும் கையைப் பற்றியே பேசுகிறீர்கள், காலை மறந்துவிட்டீர்கள். நான் பள்ளியில் பார்த்தவரையில் ஆரம்பநிலைப் பிள்ளைகளின் பாதிப் பிரச்சினை நிற்கத் தெரியாததுதான். ஓடிவந்து பந்தைப் பிடிப்பார்கள், இன்னும் மூன்று அடி வைப்பார்கள், டிராவல், அதாவது பந்தைத் தட்டாமல் கையில் வைத்துக்கொண்டே நடக்கிற தப்பு. அதனால் பிடி விளையாட்டு முடிந்ததும் ஐந்தே நிமிடம் சிலை விளையாட்டு: டிரிபிள் செய்துகொண்டு ஓட வேண்டும், விசில் அடித்ததும் பந்தைப் பிடித்து, இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் பட நின்று, முட்டியை மடக்கிச் சிலையாக வேண்டும். அசைந்தவர் அவுட் இல்லை, அசைந்தவர் ஒரு முறை உட்கார்ந்து எழுந்தால் போதும், யாரையும் வெளியே அனுப்பாதீர்கள், அவுட் ஆகிற பிள்ளைக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை. இரண்டு காலும் சேர்ந்து இறங்கினால் எந்தக் காலை வேண்டுமானாலும் பிவட் காலாக, அதாவது ஊன்றித் திரும்புகிற காலாக வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு காலாக இறங்கினால் முதலில் பட்ட காலைத்தான் ஊன்றித் திரும்ப வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, ஒரு காலின் கீழே பசை ஒட்டியிருக்கிறது என்று சொல்லிச் சுற்றவிட்டால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

லே-அப்பைக் கடைசியிலிருந்து பின்னோக்கிச் சொல்லிக்கொடுங்கள். முதலில் டிரிபிளும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம். ரிங்குக்கு வலது பக்கம் ஒரு அடி தள்ளி நின்று, இடது காலில் எழும்பி, வலது முட்டியைத் தூக்கி, வலது கையால் கட்டத்தில் பந்தை வைக்கட்டும். முட்டியையும் முழங்கையையும் ஒரு நூல் கட்டி இழுக்கிற மாதிரி என்று சொல்லுவேன். அது வந்த பிறகு வலது, இடது என்று இரண்டு அடி நடந்து. அப்புறம் ஒரே ஒரு டிரிபிளோடு. ஓட்டம் மூன்றாவது வாரத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம். இடது பக்கத்தையும் முதல் நாளிலேயே ஆரம்பித்துவிடுங்கள், அசிங்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

விதிகள் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வெளியே போன பந்து, டபுள் டிரிபிள் (டிரிபிளை நிறுத்திப் பிடித்துவிட்டு மறுபடி டிரிபிள் செய்வது), கண்ணை உறுத்துகிற டிராவல், அடுத்தவரைப் பிடித்து இழுப்பது, இவ்வளவு போதும். மூன்று வினாடி, பேக் கோர்ட் மாதிரி மற்ற விதிகள் எல்லாம் பிறகு. டிஃபென்ஸ் ஆளுக்கு ஆள்தான், ஒருவர் எதிரணியில் ஒருவரைத் தடுக்க வேண்டும். ரிங்குக்குக் கீழே ஆட்களை நிறுத்தி ஜோன் போட்டால் இந்த வயதில் ஜெயிக்கலாம்தான், தூரத்திலிருந்து போட எதிராளிக்குப் பலம் இல்லையே, ஆனால் உங்கள் பிள்ளைகள் ஒருவர் முன்னால் நின்று தடுக்கவே பழக மாட்டார்கள்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். ஷூட் செய்யும் முன் எல்லோரும் ஒருமுறை பந்தைத் தொட வேண்டும் என்று விதி போடலாமா என்று உங்களுக்குத் தோன்றும், போடாதீர்கள், பிச்சை போடுவது மாதிரி பாஸ் கொடுத்து உடனே திரும்ப வாங்கிக்கொள்வார்கள், அவளுக்கும் அது தெரியும். நன்றாக ஆடுகிற எட்டுப் பேரை ஒரு ரிங்கிலும், இப்போதுதான் பழகுகிற எட்டுப் பேரை இன்னொரு ரிங்கிலும் ஆடவிட்டால் அவளுக்குத் தானாகப் பந்து வரும். ஆனால் வாரம் முழுக்க அப்படியே வைக்காதீர்கள், பெயர் ஒட்டிவிடும்.

புதுக்கோச்:
மூவருக்கும் நன்றி, கால் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் இரண்டு சந்தேகம். ஏற்கெனவே நன்றாக ஆடுகிற இரண்டு பையன்கள் இருக்கிறார்கள், பயிற்சி ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில் "சார் இது எங்களுக்குத் தெரியும்" என்று நிற்கிறார்கள். இன்னொரு பையன் பந்து வந்தாலே கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்புகிறான்.

விசில் கையிலே:
அந்த இரண்டு பேருக்கும் இடது கை மட்டும் என்று சொல்லுங்கள். தெரிந்ததெல்லாம் தெரியாமல் போய்விடும், வாயும் மூடிவிடும்.

பி.டி. டீச்சர்:
பயப்படுகிற பையனுக்கு முன்பு ஒருமுறை பெரிய பந்து விரல் நுனியிலோ மூக்கிலோ பட்டிருக்கும். காற்றில் பாஸ் கொடுக்காதீர்கள். முதலில் தரையில் உருட்டுங்கள், அப்புறம் இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து மெதுவாக பவுன்ஸ் பாஸ். கண்ணுக்குக் கீழேயிருந்து எழும்பி வருகிற பந்துக்கு அவ்வளவு பயம் இருக்காது. கையை நெஞ்சுக்கு முன்னால் தள்ளி, பத்து விரலும் விரிந்து மேலே பார்க்க, பந்து பட்டதும் முழங்கையை மடக்கி உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விரலை நீட்டி பந்தை நோக்கிக் குத்துகிற மாதிரி வைத்தால்தான் அடிபடும். லேசான ரப்பர் பந்து இருந்தால் அவனுக்கு இரண்டு வாரம் அதுதான்.

புதுக்கோச்:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். வீடுகளிலிருந்து 6 பந்து வந்தது, ஒன்று கால்பந்து, அதையும் எடுத்துக்கொண்டேன். பிடி விளையாட்டு 10 நிமிடம் என்று எழுதிப்போனது 18 நிமிடம் ஆனது, நிறுத்தவே விடவில்லை, ஷூட்டிங் நேரத்தில் கைவைத்துவிட்டேன். சிலை விளையாட்டு நன்றாகப் போகிறது. டிரிபிள் இல்லாத நான்குக்கு நான்கில் முதல் நாள் ஒரே சண்டை, இரண்டாம் நாள் ஒரு பையன் தானாக மூலைக்கு ஓடிப்போய்க் கையைத் தூக்கினான், பந்தும் வந்தது. டிரிபிளைத் திரும்பச் சேர்த்ததும் பழையபடி தேனீக்கூட்டம்தான். அந்தப் பெண் வந்தாள். பத்து நிமிட ஆட்டத்தில் 14 முறை பந்தைத் தொட்டாள், எண்ணினேன். ஆனால் லே-அப்பில் வலது கால் இடது கால் இன்னும் பாதிப் பேருக்குக் குழப்பம், வலது காலிலேயே எழும்புகிறார்கள்.

பி.டி. டீச்சர்:
தரையில் சாக்பீஸால் இரண்டு பாதம் வரைந்துவிடுங்கள், வலதுக்கு ஒரு நிறம், இடதுக்கு ஒரு நிறம். முதல் பாதத்தை இரண்டாவதைவிட ரிங்கிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் ரிங்குக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டு மேலே பார்ப்பார்கள். ஒரு பத்து முறை அதில் மிதித்துப் போட்டதும் அழித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

பழைய பாயிண்ட் கார்டு:
வீட்டிலிருந்து வந்த பந்துகளில் காற்று பார்த்தீர்களா? உங்கள் தலை உயரத்திலிருந்து கீழே விட்டால் இடுப்புக்குக் கொஞ்சம் மேல் வரை எழும்ப வேண்டும். தொங்கிப்போன பந்தில் டிரிபிள் பழகினால் ஓங்கி ஓங்கி அடிப்பார்கள், அப்புறம் நல்ல பந்து கொடுத்தால் முகத்துக்கு வரும். ஒரு கைப் பம்பும் இரண்டு ஊசியும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஊசி கண்டிப்பாக ஒன்று உடையும்.