மேட்ச் பார்த்த கண்ணோடு மேடேறி ஓட முடியுமா?

விடியல் ஓட்டம் | கோத்தகிரி

ஐபிஎல் தொடங்கிவிட்டால் எங்கள் ஞாயிறு காலை ஐந்து மணி ஓட்டத்துக்கு வருபவர்கள் பாதியாகக் குறைந்துவிடுகிறார்கள். வருபவர்களுக்கும் தூக்கம் போதவில்லை. கோடநாடு ரோட்டில் முதல் மேட்டிலேயே நடக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். குழுவில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஒழுங்காக ஓட வேண்டும் என்று ஆசைப்படுபவர் ஓர் அணிக்காக ராத்திரி ராத்திரியாகக் கண்விழிக்கக் கூடாது என்பது என் கருத்து. ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் முடியப் பதினொன்றைத் தாண்டுகிறது. பதற்றம் அடங்கித் தூங்கப் பன்னிரண்டாகிறது. ஓடிய உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்வது தூக்கத்தில்தான். வளர்ச்சி ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில், அதிலும் தூங்கிய முதல் சில மணி நேரத்தில். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்களைச் சில வாரங்கள் வழக்கத்தைவிட அதிக நேரம் தூங்க வைத்துப் பார்த்தார்கள். 2011-ல் வெளிவந்த ஆய்வு. அவர்களுடைய ஓட்ட வேகமும் கூடியது, பந்தைக் கூடையில் போடும் துல்லியமும் கூடியது. இது காசு செலவில்லாத பயிற்சி. இதை யாரோ அடிக்கும் சிக்ஸருக்காக விடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அணி ஜெயித்த மறுநாள் ஓட்டத்தில் எத்தனை மஞ்சள் சட்டை, தோற்ற மறுநாள் எத்தனை என்று பாருங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சியால்டினி என்ற உளவியலாளர் 1976-ல் இதையே காட்டினார். கல்லூரி அணி ஜெயித்த வாரம் மாணவர்கள் கல்லூரிச் சட்டையை அதிகமாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அடுத்தவர் உழைப்பில் குளிர்காய்வதுதானே இது? நாம் ஓடுகிறவர்கள். நம் உழைப்பில் நமக்கே பெருமை கிடைக்கும்போது அது எதற்கு?


மஞ்சள்சட்டை | குன்னூர்

அண்ணா, உங்களோடு ஓடுபவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். சியால்டினி சொன்னது என் போன்றவர்களுக்குப் பொருந்தாது. 2016, 2017 இரண்டு சீசன் தடையால் சென்னை அணியே களத்தில் இல்லை. 2018-ல் திரும்பி வந்தபோது சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டம்தான் நடந்தது. காவிரிப் போராட்டத்தால் மற்றவை புனேவுக்குப் போய்விட்டன. ரசிகர்கள் தனி ரயிலில் புனேவுக்கே போய் உட்கார்ந்தார்கள். குளிர்காய்கிறவன் அவ்வளவு தூரம் போவானா? 2025-ல் பத்து அணிகளில் பத்தாவது இடம். அந்த மே மாதமும் இதே சட்டையில்தான் சிம்ஸ் பார்க்கில் இருந்து லேம்ப்ஸ் ராக் ரோட்டில் ஓடினேன். வழியில் பலர் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று ஓடினேன்.

ஓட்டத்தில் எனக்குக் கிடைப்பதும் அதேதான். நானோ நீங்களோ எந்தப் பந்தயத்திலும் மேடை ஏறப்போவதில்லை. ஜெயிப்பதற்காக மட்டும் ஓடியிருந்தால் என்றோ விட்டிருப்பேன். பலன் வராத மாதங்களிலும் ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பழக்கம் எனக்கு அணியிடம் இருந்து வந்தது. பள்ளிக்கூட வயதில் இருந்தே வந்தது. ஓட்டம் அதற்குப் பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

2023 இறுதி ஆட்டம் நினைவிருக்கிறதா? மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், மறுநாள் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் முடிந்தது. கடைசி இரண்டு பந்தில் பத்து ரன். ஜடேஜா ஒரு ஆறு, ஒரு நான்கு. அதைப் பார்க்காமல் தூங்கி எழுந்து பத்து கிலோமீட்டர் ஓடியிருந்தால் என் வாழ்க்கையில் என்ன கூடியிருக்கும்?


கூடலூர் நீலம் | கூடலூர்

மஞ்சள்சட்டைக்கு என் ஆதரவு. எங்கள் பக்கம் கிரிக்கெட்டைவிடக் கால்பந்துதான். எங்கள் அப்பா 1986-ல் அர்ஜென்டினா பக்கம் சேர்ந்தவர். அடுத்த உலகக் கோப்பை 2022 டிசம்பர் 18-ல் வந்தது. 36 வருஷம். நடுவில் 1990, 2014 இறுதி ஆட்டங்களில் தோற்றதையும் பார்த்தார், அணியை மாற்றவில்லை. அவரைப் பார்த்து வளர்ந்த எனக்கு ஒரு முழு மராத்தானின் கடைசிப் பத்து கிலோமீட்டர் பெரிதாகத் தெரியவில்லை.


விடியல் ஓட்டம் | கோத்தகிரி

நீலம், அப்பாவின் பொறுமையை மதிக்கிறேன். ஆனால் 2006 உலகக் கோப்பையின்போது மியூனிக் வட்டாரத்தில் எடுத்த கணக்கையும் பாருங்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் இதயக் கோளாறால் அவசர சிகிச்சை தேவைப்பட்டவர்கள் மற்ற நாட்களைவிட 2.66 மடங்கு. சோபாவில் உட்கார்ந்தபடியே இதயத்தை இந்தப் பாடு படுத்துகிறோம். அதே இதயத்தை விடிந்ததும் மேட்டில் ஏற்றுகிறோம்.


கூடலூர் நீலம் | கூடலூர்

அண்ணா, அதே ஆய்வில் ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் கூடியது. வாரம் நான்கு நாள் ஓடுபவனையும் அவர்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அப்பாவுக்கு மருந்து உண்டு என்பதால் ஆட்டம் பெனால்டிக்குப் போனால் அவரை வெளியே அழைத்துப் போய்விடுவோம். ரசிகராக இருப்பதிலும் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ள முடியும்.


தேயிலைக்காரி | கோத்தகிரி

விடியல் அண்ணா, நீங்கள் எழுதியதிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. ஆழ்ந்த தூக்கம் தூங்கிய முதல் சில மணி நேரத்தில் என்கிறீர்கள். அப்படியானால் பன்னிரண்டுக்குப் படுத்தாலும் அது பெரும்பாலும் கிடைத்துவிடும். பறிபோவது விடியற்காலைத் தூக்கம். அதைப் பறிப்பது மேட்ச் இல்லை, ஐந்து மணிக்கு மைதானத்தில் நில் என்ற உங்கள் கட்டளை.

ஐந்து மணி ஓட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் வருகிறோம் என்று எப்போதாவது யோசித்தீர்களா? இருட்டில் தேயிலைத் தோட்டத்து ஓரமாக ஓட எங்களுக்கு வீட்டில் அனுமதி கிடைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இங்கே கரடி திரிகிறது. காட்டெருமை ரோட்டின் நடுவிலேயே நிற்கிறது. வளைவு திரும்பியதும் முன்னால் ஒரு கூட்டம் நின்றால் ஓடித் தப்ப முடியாது. நின்று, மெதுவாகப் பின்வாங்கி, அவை போகும்வரை காத்திருக்க வேண்டும். இருட்டில் அவை நிற்பதே தெரியாது. அதனால் நான் மாலை நான்கு மணிக்கு ஓடுகிறேன். வந்து சமைக்கிறேன், சமைத்துக்கொண்டே மேட்ச் பார்க்கிறேன், பதினொன்றரைக்குத் தூங்குகிறேன், ஆறரைக்கு எழுகிறேன். ஏழு மணி நேரம். எனக்கு எந்தத் தட்டுப்பாடும் இல்லை.

மஞ்சள்சட்டை தம்பிக்கும் ஒன்று. மாலை ஓட்டத்தில் காதில் ஹெட்போன் மாட்டி கமென்ட்ரி கேட்டுக்கொண்டு ஓடுவதாக முன்பு ஒரு இழையில் எழுதியிருந்தாய். நம் மலையில் அது வேண்டாம். புதரில் சரசரப்பு கேட்க வேண்டும், கொண்டை ஊசி வளைவில் பஸ் ஹாரன் கேட்க வேண்டும். ஸ்கோரை வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.


மஞ்சள்சட்டை | குன்னூர்

சரிங்க அக்கா, ஒரு காதில் மட்டும் மாட்டுகிறேன்.


தேயிலைக்காரி | கோத்தகிரி

ஒரு காதும் வேண்டாம்.


கொடை ஏரி | கொடைக்கானல்

எங்கள் ஊரில் ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். மலையில் அது பெரிய வரம். ஆனால் நேரம் பற்றி தேயிலைக்காரி சொன்னதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏப்ரல், மே இரண்டும் ஐபிஎல் சீசன் மட்டுமில்லை, டூரிஸ்ட் சீசனும்தான். 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது, இருந்தும் எட்டு மணிக்கு மேல் ஏரிக்கரையில் கார், குதிரை, வாடகை சைக்கிள் என்று காலூன்ற இடமிருக்காது. மாலையும் அப்படியே. அதனால் எங்களுக்குக் காலையை விட்டால் வேறு வழியில்லை. காலை என்றால் முன்னிரவில் தூங்கியாக வேண்டும். நான் விடியல் பக்கம்.

தவிர எங்கள் ஊர் இருப்பது 2,000 மீட்டருக்கு மேலே. கீழே இருந்து வருபவர்கள் இங்கே முதல் சில இரவுகள் சரியாகத் தூங்குவதில்லை. நமக்கும் தூக்கம் கொஞ்சம் மெலிதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் மேட்ச் வேறா?


பி.டி. வாத்தியார் | வெலிங்டன்

இங்கேயே பிறந்து வளர்ந்த உடம்புக்கு அந்தக் கவலை வேண்டாம் தம்பி, அது பழகிவிடும். ஆனால் உயரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன்.

1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டியும் நம் ஊட்டியும் ஏறக்குறைய ஒரே உயரம், சுமார் 2,240 மீட்டர். 10,000 மீட்டர் ஓட்டத்தின் உலக சாதனை அப்போது ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க்கிடம் இருந்தது, 27 நிமிடம் 39.4 விநாடி. மெக்சிகோவில் தங்கம் வென்ற கென்யாவின் நஃப்தாலி தெமுவுக்கு 29 நிமிடம் 27.4 விநாடி ஆனது. கிளார்க் ஆறாவதாக வந்து சுருண்டு விழுந்தார், ஆக்சிஜன் கொடுக்க வேண்டியதாயிற்று. கடல்மட்டத்தில் பழகிய உலகின் மிகச் சிறந்த ஓட்டக்காரருக்கே அந்த நிலை. ஊட்டியில் ஓடும் பிள்ளைகள் கோயம்புத்தூர்ப் பிள்ளைகளின் நேரத்தோடு தங்கள் நேரத்தை ஒப்பிட்டு வாடிப்போகும்போது நான் அவர்களிடம் சொல்வது இந்தக் கதைதான். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதை நான் படிக்கவில்லை. கிளார்க்கின் ரசிகனாகத் தேடித் தேடிப் படித்தது. அதனால் ரசிகராக இருப்பதே வீண் என்று விடியல் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

ஆனால் மஞ்சள்சட்டையிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஜடேஜா அடித்த கடைசி இரண்டு பந்து உனக்கு மனப்பாடம். புதுக்கோட்டை லட்சுமணனைத் தெரியுமா? 2017-ல் புவனேஸ்வரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். அடுத்த ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்து, ஓடுதடத்தின் உள்கோட்டைத் தாண்டிக் கால் உள்ளே பட்டதற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். கையில் வந்த பதக்கம் போனது. அன்று யார் நமக்காக அழுதோம்? லலிதா பாபர் நம் ஊட்டியிலேயே பயிற்சி எடுத்து, 2016 ரியோவில் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் (தடைகளைத் தாண்டி ஓடும் ஓட்டம்) இறுதிக்குப் போய்ப் பத்தாவதாக வந்தார். நம் ரோட்டில் ஓடியவர். அவர் பெயர் போட்ட சட்டை ஒன்றை இங்கே நான் பார்த்ததில்லை. ஓடுகிறவர்களே ஓட்டத்துக்கு ரசிகராக இல்லாவிட்டால் வேறு யார் இருப்பார்கள்?


மஞ்சள்சட்டை | குன்னூர்

சார், லட்சுமணனின் ஜகார்த்தா ஓட்டத்தை இப்போதுதான் தேடிப் பார்த்தேன். நெஞ்சு கனத்துவிட்டது. ஆனாலும் ஒரு விஷயத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. பற்று என்பது தகுதி பார்த்து வருவதில்லை. இவருக்கு ரசிகராக இருப்பதுதான் நியாயம் என்று யாராவது சொல்லி யாரும் ரசிகராவதில்லை. எங்கள் தெருவில் எல்லோரும் சேர்ந்து ஒரே டிவியில் பார்த்தோம், அதனால் சென்னை அணி. லட்சுமணன் ஓடியபோது எந்தத் தெருவில் டிவி போட்டார்கள்? காட்டியிருந்தால் பார்த்திருப்போம்.


பி.டி. வாத்தியார் | வெலிங்டன்

காட்டட்டும் என்று காத்திருக்காதே. டிவியே வேண்டாத இடம் ஒன்று சொல்கிறேன். மாவட்டப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் 3,000 மீட்டர் ஓடும் பிள்ளைகளைப் போய்ப் பார். மைதானத்தில் கால்பந்து நடந்தால் ஹட்டிக்கு ஹட்டி (படுகர் ஊர்கள்) ஆள் திரண்டு வந்து கத்துகிறார்கள். நெடுந்தூர ஓட்டம் என்றால் வாத்தியாரும் இரண்டு பெற்றோரும்தான். ஆறாவது சுற்றில் ஒரு பிள்ளை துவளும்போது பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு குரல் இருந்தால் கால் எப்படி எழும்புகிறது என்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சேப்பாக்கம் சத்தம் அணிக்கு என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும். அந்தச் சத்தத்தில் கொஞ்சம் இங்கே கொண்டு வா.


மஞ்சள்சட்டை | குன்னூர்

வருகிறேன் சார். தேதியும் மைதானமும் சொல்லுங்கள். விசில், மேளம், பத்துப் பதினைந்து பையன்கள் என் பொறுப்பு. சட்டை மஞ்சளாகத்தான் இருக்கும், அதை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள்.


விடியல் ஓட்டம் | கோத்தகிரி

சார் சொன்ன போட்டிக்கு எங்கள் குழுவும் வரும். ஆனால் தூக்கம் பற்றி நான் எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். ஓர் இரவு கண்விழித்தால் பெரிய கேடில்லை. இரண்டு மாதம் தொடர்ந்து விழிப்பதைத்தான் எதிர்க்கிறேன், இனியும் எதிர்ப்பேன்.

தேயிலைக்காரி கேட்டதற்குப் பதில். ஏப்ரலில் ஆறேகால் மணிக்கெல்லாம் நன்றாக வெளிச்சம் வந்துவிடுகிறது. ஆறரைக்குத் தொடங்கினால் பத்து கிலோமீட்டர் ஓடுபவர்கள் வண்டிக் கூட்டம் வருவதற்குள் திரும்பிவிடலாம். வரும் ஞாயிறு முதல் அவர்களுக்கு ஆறரை. இருபதுக்கு மேல் ஓடுபவர்களுக்கு அந்த நேரம் போதாது, அவர்களுக்கு ஐந்து மணியே.


தேயிலைக்காரி | கோத்தகிரி

ஆறரைக்கு நானும் என் நாத்தனாரும் வருகிறோம். இருபது ஓடும் பெண்களுக்கு என்ன வழி என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை அண்ணா. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.