ஆப்பிள் நத்தை ஓடு வெளுக்கிறது. முட்டையை ஊரணியில் விடலாமா?

வளவுக்காரன்:
காரைக்குடிப் பக்கம் அப்பத்தா வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கிறேன். மூன்று மஞ்சள் ஆப்பிள் நத்தைகள் விட்டேன். இரண்டு மாதம் நன்றாக மேய்ந்தன. இப்போது ஓட்டின் உச்சி வெளுத்துக் குழிகுழியாக இருக்கிறது. ஒன்று செத்துவிட்டது, மற்ற இரண்டும் ஓட்டு வாயின் மூடியைச் சாத்திக்கொண்டு கிடக்கின்றன. போர் தண்ணீர் உப்பு என்பதால் வளவில் பிடித்த மழைத்தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

அப்புறம், தொட்டி மூடியின் அடியில் கொத்தாக முட்டை. "கொன்னா பாவம்டா, ஊரணியில விட்டுரு" என்கிறார் அப்பத்தா. விடலாமா?

கண்மாய்க்கரை:
மழைத்தண்ணீரை எதில் பிடிக்கிறீர்கள்?

வளவுக்காரன்:
பழைய பித்தளை அண்டாவில். ஏன்?

கண்மாய்க்கரை:
எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. நாள்கணக்கில் நிற்கும் மழைத்தண்ணீரில் அது கொஞ்சம் இறங்கும். நமக்கு ஒன்றும் செய்யாத அளவே நத்தைக்கு விஷம். சில மீன் மருந்துகளிலும் செம்பு உண்டு, பார்த்து ஊற்றுங்கள். ஓடு அரிப்பது தனிக் கதை: மழைத்தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இல்லை. பிளாஸ்டிக் வாளிக்கு மாறுங்கள், போர் தண்ணீரைக் கொஞ்சம் கலந்து பாருங்கள், ஒரு கணவாய் ஓடு போடுங்கள். விழுந்த குழி ஆறாது. ஓட்டின் வாய் ஓரத்தில் புதிதாக வளர்வது உறுதியாக வரும். மூடி திறந்து நாறினால் செத்தது என்று அர்த்தம், உடனே எடுத்துவிடுங்கள்.

தேவகோட்டையான்:
ஊரணியில் விடவே கூடாது! நம்மூர் நத்தை கரையோர ஈர மண்ணில் வெள்ளையாக முட்டையிடும். தண்ணீருக்கு மேலே ஒட்டி வைப்பது தென் அமெரிக்கக்காரன். முட்டை என்ன நிறம்?

வளவுக்காரன்:
வெளிறிய ரோஸ்.

தேவகோட்டையான்:
பளிச்சென்ற ரோஸ் இல்லையென்றால் கடைக்காரர்கள் விற்கும் மிஸ்டரி நத்தையாக இருக்கலாம். அது பெரும்பாலும் பாசியும் அழுகிய இலையும்தான் தின்னும். ஆனால் அதன் உறவுக்கார நத்தையை 1980 வாக்கில் சாப்பிடுவதற்கென்று தைவானுக்குக் கொண்டுபோனார்கள். பிலிப்பைன்ஸ் வரை பரவி நெல் நாற்றைத் தின்று தீர்த்தது. இரண்டையும் பிரித்தறிவது நமக்கே கஷ்டம். ஊரணி வற்றினாலும் சேற்றுக்குள் மூடியைச் சாத்திக்கொண்டு கிடக்கும், மறுகால் போனால் வயலுக்கு வரும். முட்டையைச் சுரண்டி பையில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். ஆண் இல்லாமலும் பெண் மாதக்கணக்கில் முட்டையிடும், அதனால் தொட்டி மூடியை வாராவாரம் பாருங்கள்.

வளவுக்காரன்:
நான்கு நாளில் ஒன்று வெளியே வந்து கணவாய் ஓட்டில் ஏறியிருக்கிறது. இன்னொன்று இன்னும் மூடித்தான் கிடக்கிறது, நாற்றம் இல்லை. முட்டை ஃப்ரீசரில், ஐஸ் கட்டிக்குப் பின்னால். அப்பத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை.