அம்மாவின் கையில் கருமை: ஆப் சொல்வதை நம்பலாமா?

சாட்ஸ்வொர்த் மகள்:
வணக்கம். அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரைக்குப் பல வருஷமாக மெட்ஃபார்மின். சுத்த சைவம், பால்கூட அதிகம் தொடமாட்டார். இப்போது விரல் முட்டியெல்லாம் கறுத்து, உள்ளங்கை ரேகையிலும் கருமை ஓடுகிறது. தம்பி போனில் ஏதோ ஆப் போட்டுப் படம் எடுத்தான். 'ஆபத்து அதிகம்' என்று சிவப்பில் காட்டியது. அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. நம் நிறத்தவருக்கும் தோல் புற்று வருமா?

ஃபீனிக்ஸ் நர்ஸ்:
வரும் தங்கச்சி, ஆனால் அபூர்வம். அதில் மெலனோமா என்ற மோசமான வகை வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. பாப் மார்லிக்குக் கால் பெருவிரலில்தான் வந்தது. ஆனால் மெலனோமா இரண்டு கையிலும் ஒரே மாதிரி படராது. ஒற்றைத் திட்டாக, கோணல்மாணலாக வளரும். எங்கள் கிளினிக்கில் சர்க்கரை மாத்திரை வாங்க வரும் வயசான அம்மாக்களை நான் முதலில் நாக்கை நீட்டச் சொல்வேன். அம்மா நாக்கு எப்படி இருக்கிறது? கால் மரத்துப்போகிறதா?

சாட்ஸ்வொர்த் மகள்:
இரண்டு கையும்தான் அக்கா. நாக்கு வழவழவென்று சிவந்திருக்கிறது, ரசம் பட்டாலே எரிகிறதாம். இடது குதிகாலில் தனியாக ஒரு கறுப்புத் திட்டும் உண்டு. புரட்டாசி விரதம்தான் காரணம் என்கிறார் பெரியம்மா.

டர்பன் கம்ப்யூட்டர்:
ஆப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு குழு சுமார் 1,29,000 படங்களைக் காட்டிப் பழக்கிய கணினி, 21 தோல் டாக்டர்களுக்கு இணையாகக் கண்டுபிடித்தது. பெரிய சாதனைதான். ஆனால் இந்தத் துறையில் புழங்கும் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோல். நம் அம்மாக்களின் முட்டியை அது எங்கே பார்த்திருக்கும்?

ஃபீனிக்ஸ் நர்ஸ்:
இரண்டு கை முட்டியும் கறுத்து, நாக்கும் வழவழவென்று சிவந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் பி12 வைட்டமின் குறைவுதான். பெரியம்மாவைக் கோபிக்காதே, ஆனால் கல்லீரலில் பி12 வருஷக்கணக்குக்குச் சேமிப்பு உண்டு, ஒரு மாத விரதத்தில் தீராது. மெட்ஃபார்மின் பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். சைவமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ரத்தத்தில் பி12 பார்க்கச் சொல். அதுவரை ஃபோலிக் ஆசிட் மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதே. ரத்தசோகை தேறியது போலத் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

குதிகால் திட்டு வேறு கதை. நம்மவர் காலடியில் கருமை சகஜம்தான், ஆனாலும் தோல் டாக்டரிடம் காட்டு. டெர்மாஸ்கோப் என்று தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி வைத்துப் பார்ப்பார். ரேகைப் பள்ளத்தில் கருமை ஓடினால் பெரும்பாலும் மச்சம். மேட்டில் ஓடினால் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவார்கள். பி12 குறைவுதான் என்றால், ஊசி போட ஆரம்பித்தபின் முட்டிக் கருமை மங்கச் சில மாதம் ஆகலாம். அதுவரை தம்பி போனை அம்மா பக்கம் கொண்டுபோக வேண்டாம்.