பழ சாலட் தண்ணீர் விட்டுப் போகிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் வழி சொல்லுங்கள்

உச்சிப்புளி மருமகள்:
எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் 15 முதல் விசைப்படகுக்குத் தடைக்காலம் என்பதால் வீட்டுக்காரர், கொழுந்தனார் எல்லாரும் கரையில்தான் இருக்கிறார்கள், வருகிற ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் 12 பேர் சாப்பாடு. சோறும் மீன் குழம்பும் எனக்குக் கவலையில்லை. நாத்தனார் மகள் கோயம்புத்தூரில் படிக்கிறவள், வெயிலுக்குக் குளுகுளுவென்று பழம் போட்ட சாலட் வேண்டும் அத்தை என்று ஆசையாகக் கேட்டுவிட்டாள்.

போன வாரம் செய்து பார்த்தேன். வீடியோவில் காட்டிய லெட்டூஸ் இலையும் ஸ்ட்ராபெரியும் ராமநாதபுரத்தில் வாங்கி பஸ்ஸில் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் இலை துவண்டு, பழம் நசுங்கிவிட்டது. சரி என்று தர்ப்பூசணி, வெள்ளரிக்காய், பப்பாளி வெட்டி, உப்பு, எலுமிச்சை, தயிர் எல்லாம் கலந்து காலை 10 மணிக்கே பிரிட்ஜில் வைத்தேன். 1 மணிக்கு எடுத்தால் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் நிற்கிறது, தயிர் கசக்கிறது. மாமியார் எதுவும் சொல்லாமல் தட்டு ஓரத்தில் ஒதுக்கி வைத்தார்கள், அதுதான் மனசுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. எங்கே தப்பு செய்தேன்? ஆலிவ் எண்ணெய், வினிகர் இல்லாமல் நம் வீட்டில் இருப்பதை வைத்து மேலே ஊற்றுகிற சாறு செய்ய முடியுமா?

மண்டபம் ஜூஸ் கடை:
தங்கச்சி, பங்குனி சித்திரை முழுக்க பழம் வெட்டுவதுதான் எனக்குப் பிழைப்பு, அதனால் தண்ணீர் விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன். உப்பு பட்டால் வெள்ளரியும் தர்ப்பூசணியும் உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே விட்டுவிடும், சர்க்கரையும் அதையேதான் செய்யும். மாங்காயில் உப்பு போட்டு ஊறுகாய்க்கு வைத்தால் ஜாடியில் தண்ணீர் ஊறி நிற்கிறதே, அதேதான் உன் பாத்திரத்திலும் 3 மணி நேரம் நடந்திருக்கிறது. தர்ப்பூசணியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், அதைப் பிடித்துவைக்க யாராலும் முடியாது. அதனால் பழத்தைக் காலையில் வெட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் மூடி பிரிட்ஜில் வை, உப்பும் சாறும் பழத்தின் பக்கமே போகக் கூடாது. எல்லாரும் இலை முன்னால் உட்கார்ந்த பிறகு கலந்தால் போதும்.

வெள்ளரியில் பிஞ்சாகப் பார்த்து வாங்கு. முற்றியது என்றால் நடுவில் இருக்கிற விதைச் சதையை ஸ்பூனால் வழித்து எடுத்துவிடு, தண்ணீர் பாதி அதில்தான் இருக்கிறது. தர்ப்பூசணியைச் சின்னதாக நறுக்காதே, 1 அங்குலத் துண்டாவது இருக்கட்டும், வெட்டுப்பட்ட முகம் கூடக்கூட சாறு இறங்கும்.

கீழக்கரை லாத்தா:
கசப்புக்குக் காரணம் பப்பாளிம்மா, தயிர் மேல் குற்றமில்லை. பப்பாளி, அன்னாசி இரண்டிலும் புரதத்தை உடைக்கிற நொதி இருக்கிறது, பச்சையாகப் பால் தயிரோடு சேர்ந்து நின்றால் கசந்துவிடும். நோன்பு திறக்க ஒரு வருஷம் அன்னாசியும் தயிரும் கலந்து பிற்பகல் அஸர் தொழுகை நேரத்துக்கே எடுத்துவைத்தேன், நோன்பு திறக்கிற மஃரிபுக்கு வாயில் வைக்க முடியவில்லை, அன்றைக்குக் கற்றுக்கொண்டது. பப்பாளி வேண்டும் என்றால் தயிரை விட்டுவிடு.

சாறுக்கு நான் செய்வது இதுதான். 12 பேருக்கு எலுமிச்சைச் சாறு 4 மேசைக்கரண்டி, செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் 4 மேசைக்கரண்டி, தேன் 2 மேசைக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, கொஞ்சம் மிளகுத்தூள். இலை மட்டும் போடுகிற சாலட்டுக்கு எண்ணெய் இரண்டு மூன்று மடங்கு ஊற்றுவார்கள், பழத்துக்கு அவ்வளவு ஊற்றினால் நாக்கில் எண்ணெய்தான் நிற்கும். எல்லாவற்றையும் மூடி இறுக்கமான பாட்டிலில் ஊற்றி அரை டீஸ்பூன் கடுகுப்பொடி சேர்த்து நன்றாகக் குலுக்கு, கடுகு இருந்தால் எண்ணெயும் சாறும் உடனே பிரியாது. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், நம் ஊரில் அது எவ்வளவு நல்லதாகக் கிடைத்தாலும் குளிர்ந்த பழத்தின் மேல் பட்டவுடன் உறைந்து வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, 1 வயது ஆகாத குழந்தை யாராவது வந்தால் தேன் பட்ட எதையும் வாயில் வைக்காதே.

உச்சிப்புளி மருமகள்:
லாத்தா, அண்ணன், ரொம்ப நன்றி. இப்போதுதான் புரிகிறது. கைக்குழந்தை ஒன்று வருகிறது, அதனால் தேன் வேண்டாம் என்று நினைக்கிறேன். அப்புறம் லெட்டூஸுக்குப் பதில் என்ன போடலாம்? நுங்கு சேர்க்கலாமா?

சாயல்குடி பனங்காடு:
தாராளமாகச் சேர்க்கலாம் அக்கா, இந்தப் பருவத்தில் நம் கரையில் நுங்கை விட்டுவிட்டு ஸ்ட்ராபெரிக்கு அலைய வேண்டாமே. ஆனால் இளசாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் உள்ளே தண்ணீர் தளும்புகிற மாதிரி. முற்றிப்போய்க் கடுக்காயாக இருந்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். மேலே இருக்கிற மஞ்சள் தோலைப் பொறுமையாக உரித்துவிடுங்கள், துவர்ப்பு முழுக்க அதில்தான். ஞாயிறு காலையில் வெட்டியதை வாங்குங்கள், முதல் நாள் நுங்கு வெயிலில் புளித்துவிடும். தேனுக்குப் பதில் கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, கையில் ஒட்டுகிற பதம் வரும் வரை காய்ச்சி ஆறவையுங்கள், எலுமிச்சையோடு அது சேர்கிற வாசனையே தனி.

லெட்டூஸுக்குப் பதில் இளம் முட்டைக்கோஸை மெல்லிசாகச் சீவி, கொத்தமல்லி, புதினா கை நிறையக் கிள்ளிப் போடுங்கள். ராமநவமிக்குப் பானகத்தோடு வைக்கிற வடைப்பருப்பு ஞாபகம் இருக்கிறதா? ஊறிய பாசிப்பருப்பு, வெள்ளரி, மாங்காய், தேங்காய்ப்பூ, அதுவும் வெயில் கால சாலட்தான். எங்கள் ஆத்தா அதற்கு உப்பைக் கடைசியில்தான் போடுவார். அதே மாதிரி புளிப்பு குறைந்த மாங்காயைப் பொடியாக நறுக்கி ஒரு கைப்பிடி சேர்த்தால் தர்ப்பூசணியின் இனிப்பு எடுப்பாகத் தெரியும். நம் குண்டு மிளகாய் 2 எடுத்து வெறும் சட்டியில் வறுத்து, விதை நீக்கி, ஒன்றிரண்டாக இடித்து மேலே தூவுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய், கோயம்புத்தூர்ப் பிள்ளைக்கும் காட்டின மாதிரி இருக்கும்.

மண்டபம் ஜூஸ் கடை:
நுங்கு நல்ல யோசனைதான், ஆனால் கிளறும்போது உடைந்து அதன் தண்ணீரும் சேரும் தம்பி. மற்றதை எல்லாம் கலந்துவிட்டு நுங்கை மேலே பரப்புவதுதான் சரி என்பது என் அனுபவம். வறுத்த வேர்க்கடலையும் அப்படியே மேலே, உள்ளே போட்டால் நமத்துவிடும்.

தங்கச்சி, உங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கொத்தமல்லி புதினாவைக் கடைசியாக ஒரு தடவை நல்ல தண்ணீரில் அலசி, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்து, ஈரம் இருந்தால் சாறு இலையில் ஒட்டாது. அதைவிட முக்கியம், அன்றைக்கு மீனும் வெட்டுவாய். பழத்தை முதலில் வெட்டி மூடிவைத்துவிட்டு அப்புறம் மீனுக்கு உட்கார், அரிவாள்மனையைச் சோப்பு போட்டுக் கழுவினாலும் மாங்காயில் கவிச்சி ஏறிவிடும்.

உச்சிப்புளி மருமகள்:
பழத்துக்குத் தனிக் கத்தியே எடுத்து வைத்துவிட்டேன் அண்ணே. நுங்குக்கு 40 கண் சொல்லியிருக்கிறேன், 12 பேருக்குக் காணுமா?

சாயல்குடி பனங்காடு:
சாலட்டுக்குக் காணும் அக்கா. ஆனால் உரிக்கும்போதே பிள்ளைகள் பாதியைத் தின்றுவிடும், 60 சொல்லிவிடுங்கள்.