ஆபீஸ் கணினியை யாரோ வேவு பார்க்கிறார்கள் என்று தோன்றியபோது நாங்கள் என்ன செய்தோம்

விருதுநகர், வரி ஆலோசகர் அலுவலகக் கணக்கர்:

எங்கள் அலுவலகத்தில் ஆள் ஐந்து, இன்டர்நெட் உள்ள கணினி ஒன்று. ஜிஎஸ்டி, வருமான வரி, டிடிஎஸ் எல்லாம் அதில்தான். காலையில் முதலில் வருகிறவர் போடுவார், ராத்திரி கடைசியாகக் கிளம்புகிறவர் அணைப்பார். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதுவும் மானிட்டருக்குக் கீழே ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கும்.

ஒரு ஜூலை மாதம், ரிட்டர்ன் நெருக்கடியில் தலை நிமிர நேரமில்லாத சமயம் கோளாறு ஆரம்பித்தது. கூகுளில் எதையாவது தேடினால், ஒரு நொடி வேறு முகவரி மின்னி மறைந்து, பழக்கமே இல்லாத ஒரு தேடல் பக்கம் வந்து நிற்கும். வலது மூலையில் 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று சிவப்புக் கட்டம் எட்டிப் பார்க்கும். இரண்டு நாளில், தன் மெயிலுக்குள் யாரோ நுழையப் பார்த்ததாக எச்சரிக்கை வந்திருக்கிறது என்று ஒரு கிளையன்ட் எங்கள் முதலாளி சாருக்கு ஃபோன் செய்தார். அந்த மெயிலின் பாஸ்வேர்டு அவரைத் தவிர எங்களிடம்தான் இருந்தது.

சாரின் சந்தேகம் நேராக டைப்பிஸ்ட் பெண் மேல் போனது. சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் ஒருமுறை பென்டிரைவ் செருகியதை அவர் பார்த்திருக்கிறார். "ஏம்மா, அதுல என்ன கொண்டாந்த, என்ன எடுத்துட்டுப் போன?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அக்கா கல்யாணப் பத்திரிகையை பிரிண்ட் எடுக்கக் கொண்டுவந்தேன் சார் என்றாள். அவ்வளவுதான் நடந்தது. மறுநாளிலிருந்து மதியம் எங்களோடு உட்காராமல், டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியை வாங்கிக்கொண்டு நான் மட்டும் போய் உட்கார்ந்தேன்.

முதலில் விசைப்பலகை ஒயரைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் வரை போய்ப் பார்த்தேன். கீலாகர் என்று விரல் நுனி அளவுக்கு ஒரு சாதனம் உண்டு. விசைப்பலகைக்கும் கணினிக்கும் நடுவில் செருகிவிட்டால் தட்டுவதையெல்லாம் பதிந்துகொள்ளும். எந்த ஸ்கேனுக்கும் சிக்குவது அரிது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை. அப்புறம் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே ஓடும், சுமார் கால் மணி நேரம் பிடிக்கும். அதிலும் ஒன்றும் சிக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஆட்டோரன்ஸை இறக்கி, கணினி போட்டவுடன் தானாக ஏறுகிறவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிரிண்டர், டாலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று எல்லாமே தெரிந்த பெயர்கள்.

அதன் பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். குரோமில் கெஸ்ட் விண்டோ (யாருடைய கணக்கும், கூடுதலாகப் போட்டவையும் இல்லாமல் திறக்கும் ஜன்னல்) திறந்து அதே தேடலைப் போட்டேன். ஒழுங்காக கூகுளிலேயே நின்றது. அதே கணினி, அதே இன்டர்நெட். அப்படியென்றால் நோய் விண்டோஸில் இல்லை, ரவுட்டரில் இல்லை. எல்லோரும் பயன்படுத்தும் அந்த ஒரு குரோம் புரொஃபைலுக்குள் இருக்கிறது. குரோமோடு கூடுதலாகச் சேர்க்கும் குட்டி மென்பொருள்களான எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலைத் திறந்தால், நாங்கள் யாரும் போடாத பிடிஎஃப் மாற்றி ஒன்று. 'எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவு அனைத்தையும் படிக்கலாம், மாற்றலாம்' என்ற அனுமதி அதற்கு இருந்தது.

நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஆட்வேர் எனும் விளம்பர மென்பொருள்களைத் தேடி நீக்கும் ஸ்கேனர் ஒன்றை ஓட்டி அதை அழித்தேன். குரோமைத் திறந்தேன், இல்லை. கேபிளைத் திரும்பச் செருகினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பட்டியலில் மறுபடி வந்து உட்கார்ந்துவிட்டது. அறையில் நான் ஒருவன்தான். பென்டிரைவ் எதுவும் இல்லை. அந்தப் பெண் சிவகாசியில் அவள் வீட்டில் இருக்கிறாள்.

பிறகு புரிந்தது. 2020 ஊரடங்கு சமயத்தில், வீட்டிலிருந்தும் வேலை பார்க்க வேண்டுமென்று சார் தன் கூகுள் கணக்கை அந்த குரோமில் போட்டு சிங்க் செய்திருந்தார், அதாவது வீட்டு குரோமில் இருப்பதெல்லாம் இங்கேயும் வரும்படி இணைத்திருந்தார். அதை யாரும் எடுக்கவே இல்லை. ஸ்கேனர் கணினியில் இருப்பதை அழிக்கும். கூகுள் கணக்கில் சேமித்திருப்பது நெட் வந்தவுடன் திரும்ப இறங்கிவிடும். சார் வீட்டுக் கணினியில் அவர் மகன் கல்லூரி அசைன்மென்டுக்காக அந்த பிடிஎஃப் மாற்றியைப் போட்டிருந்தான். வீட்டில் போட்டது ஆபீஸில் முளைத்தது. மூலையில் வந்த சிவப்புக் கட்டமோ வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளம் 'அனுமதி' கேட்டபோது எங்களில் யாரோ அழுத்திய நோட்டிஃபிகேஷன். செட்டிங்ஸில் அந்தத் தளத்தை நீக்கியதும் நின்றுவிட்டது.

இரண்டு கணினியிலும் சிங்க்கை நிறுத்தி, இரண்டிலும் எக்ஸ்டென்ஷனை எடுத்து, கூகுள் கணக்கின் சிங்க் பக்கத்தில் சேமித்திருந்த தரவையும் அழித்தோம். அதன் பிறகு வரவில்லை. அந்தக் கிளையன்ட் மெயிலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று நிரூபிக்க என் கையில் எதுவும் இல்லை. ஆனால் தட்டியதையெல்லாம் அது பார்த்திருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. முதலில் மெயில் கணக்குகள், அப்புறம் வரித் தளங்கள் என்று வேறொரு சுத்தமான கணினியில் உட்கார்ந்து எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்ற மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் கூட உட்கார்ந்து பட்டியல் போட்டவள் அந்தப் பெண்தான்.

சார் அவள் மேஜைக்கே போய், "தப்பா நெனச்சுட்டேன்மா" என்றார். எல்லார் முன்னாலும்தான் சொன்னார். இப்போது ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு. எதையாவது இன்ஸ்டால் செய்வதற்கான அட்மின் பாஸ்வேர்டு என்னிடமும் அவளிடமும் இருக்கிறது.

தஞ்சாவூர், ஜெராக்ஸ் கடை:

பென்டிரைவ் மேல் சந்தேகம் வந்ததில் தப்பு சொல்ல மாட்டேன், அந்தப் பிள்ளை மேல் வந்ததுதான் தப்பு. எங்கள் கடைக்கு வருகிற பென்டிரைவில் ஷார்ட்கட் வைரஸ் சர்வ சாதாரணம். உள்ளே இருக்கும் ஃபோல்டரெல்லாம் மறைந்து, அதே பெயரில் ஷார்ட்கட் மட்டும் நிற்கும். ஃபைல் போய்விட்டது என்று பயந்து அதையே கிளிக் செய்வார்கள், வைரஸ் கடைக் கணினிக்குத் தாவிவிடும். ஷார்ட்கட்டை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் டார்கெட்டைப் பாருங்கள். ஃபோல்டரின் முகவரிக்குப் பதிலாக டபிள்யூஸ்கிரிப்ட் என்றோ சிஎம்டி என்றோ இருந்தால் அதேதான். பெரும்பாலும் ஃபைல்கள் எங்கும் போயிருக்காது. ஒளித்து வைத்திருக்கும், அட்ரிப் கட்டளை போட்டால் திரும்பத் தெரியும்.

ஒரு தம்பி தேர்வுக்கு விண்ணப்பிக்க வந்துவிட்டுப் போய், மறுநாள் "உங்க கடைக்கு வந்த பிறகுதாண்ணே என் மெயில் போச்சு" என்று கண் கலங்கி நின்றான். வேவு பார்க்கும் ஸ்பைவேர் ஏதாவது ஏறியிருக்குமோ என்று நான் ராத்திரி முழுக்கத் தேடினேன். கடைசியில் பார்த்தால் அவன் லாக் அவுட் செய்யாமல் போயிருக்கிறான், அடுத்து உட்கார்ந்த யாரோ அதைப் பயன்படுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து வாடிக்கையாளருக்கு கெஸ்ட் விண்டோ மட்டும்தான். எழுந்தவுடன் அவர் கண் முன்னாலேயே மூடிக் காட்டுகிறேன்.

ஈரோடு, ஜவுளி மொத்த வியாபாரம்:

எங்களுக்கு நடந்தது வேறு மாதிரி. சாயங்காலம் ஆறரை மணி, பில் போடும் கணினியில் மவுஸ் தானாக நகர்ந்தது. கையை எடுத்துவிட்டுப் பார்க்கிறோம், அம்புக்குறி போய் மெனுவைத் திறக்கிறது. என் அண்ணன் எதுவும் யோசிக்காமல் நெட் கேபிளைப் பிடுங்கினார். அது நின்றது.

தேடினால், தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்று பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. பில் சாஃப்ட்வேர் போட வந்த பையன் ஏற்றியது. நாம் 'ஏற்றுக்கொள்' அழுத்தாமலே உள்ளே வரும்படி நிரந்தரப் பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதன் பதிவுக் கோப்பில் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த எண்ணிலிருந்து வந்தார்கள் என்று எல்லாம் இருந்தது. அதை ஒரு நகல் எடுத்துக்கொண்டு அந்த பில் சாஃப்ட்வேர்காரர்களிடம் கேட்டபோது, "நாங்கதாண்ணே, அப்டேட் போட்டோம்" என்றார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வங்கிக் கணக்கு திறந்திருக்கும் கணினியில் சொல்லாமல் நுழைவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இப்படிப்பட்ட செயலிகளை ஃபோனில் ஏற்ற வைத்துப் பணம் எடுக்கிறார்கள் என்று வங்கிகளை எச்சரித்தது. அன்றே அதை அன்இன்ஸ்டால் செய்தோம். இப்போது அப்டேட் என்றால் ஃபோன் வரும், நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம், முடிந்ததும் மூடுவோம். பணம் எதுவும் போகவில்லை. போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்கத்தான் எண்ணை எழுதி வைத்திருந்தோம்.

சென்னை, தனியார் நிறுவன ஊழியர்:

என் ஆபீஸ் கணினியின் குரோமில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று வருகிறது. இதுவும் ஸ்பைவேரா? நானும் நைட் ஷிஃப்ட் ஆளும் ஒரே கணினிதான்.

விருதுநகர், வரி ஆலோசகர் அலுவலகக் கணக்கர்:

நிறுவனக் கணினியில் அது வருவது சகஜம், ஐடி பிரிவு வைத்த கட்டுப்பாடுகள் அவை. அங்கே என்னை மாதிரி சொந்தமாக ஸ்கேனர் இறக்கி ஓட்டாதீர்கள், உங்கள் மேலேயே கேள்வி வரும். வந்த தேதி, நேரம், திரையின் படம் மூன்றையும் வைத்து ஐடி பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். இதே வாசகம் உங்கள் வீட்டுக் கணினியில் வந்தால்தான் யோசிக்க வேண்டும். அங்கே நிறுவனம் என்று யாரும் இல்லையே. சில ஆன்டிவைரஸ்களும் அப்படி வைப்பது உண்டு, அதுவும் இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் பட்டியலிலிருந்து ஆரம்பியுங்கள். நைட் ஷிஃப்ட் நண்பரிடமும் இன்றே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள், அவருக்கும் இதே சந்தேகம் உங்கள் மேல் இருக்கலாம்.