புதுப்பிப்பு: சுண்ணாம்புத் தண்ணீரில் போட்ட முட்டைகள்

கழுவாத நாட்டுக்கோழி முட்டைகளை, லிட்டருக்கு 28 கிராம் நீர்த்த சுண்ணாம்பு கலந்த தண்ணீரில், மாதக்கணக்கில் கெடாமலிருக்க மார்கழியில் போட்டுவைத்ததை முன்பு எழுதியிருந்தேன். சென்னை வெயிலுக்குத் தாங்குமா என்று பலர் கேட்டீர்கள். பங்குனியில் ஒன்றை உடைத்துப் பார்த்தேன். நாற்றம் துளியும் இல்லை. வெள்ளைக்கரு தண்ணியாக ஓடியது, மஞ்சள்கரு தட்டையாகப் பரந்தாலும் உடையவில்லை. ஆம்லெட், பொடிமாஸ் இரண்டுமே அருமை.

ஆனால் ஆஃப்பாயில் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பு ஓட்டின் துளைகளை அடைக்கும். ஆனால் உள்ளே ஏற்கெனவே சால்மோனெல்லா (வயிற்றுப்போக்கு, காய்ச்சல் தரும் கிருமி) இருந்தால் அதைக் கொல்லாது. நன்றாக வேகவிடுங்கள். அவிப்பதென்றால் முதலில் ஊசியால் ஓட்டில் சின்னத் துளை போடுங்கள், இல்லாவிட்டால் காற்று வெளியேற வழியின்றி வெடித்துவிடும்.

அப்புறம், அக்னி நட்சத்திரத்துக்கு முன் மிச்ச முட்டைகளை ஜாடியோடு ஃப்ரிட்ஜுக்கு மாற்றப்போகிறேன்.