உங்கள் ஊருக்குச் சபை என்ன செய்தது? கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்

தேரிமணல்

கிறிஸ்தவச் சபை ஊருக்கு என்ன செய்தது என்று யாராவது கேட்டால் நாம் உடனே கல்லூரி, ஆஸ்பத்திரி, கால்டுவெல் என்று ஆரம்பித்துவிடுகிறோம். சரிதான், எல்லாம் நடந்ததுதான். 1820இல் மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்ததையும் 1841இல் கால்டுவெல் இடையன்குடியில் குடியேறியதையும் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். இந்த இழையில் அவரவர் வீட்டிலும் தெருவிலும் பார்த்ததை எழுதுங்கள். சபையில் இல்லாதவர்களும் எழுதலாம். குறை இருந்தால் அதையும் எழுதுங்கள்.

நான் பிடி அரிசியில் இருந்து தொடங்குகிறேன். சாத்தான்குளம் பக்கம் எங்கள் ஊர். அம்மா உலை வைத்ததும் அரிசியை அளந்து சுளகில் போடுவாள். களைவதற்கு முன்னால் அதில் ஒரு கை அள்ளி, அடுப்படி மூலையில் இருந்த பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சபைக்கென்று போட்டுவிடுவாள். அப்புறம்தான் தண்ணீர். கையில் காசு இல்லாத மாசத்திலும் அந்தப் பிடி நின்றதில்லை. கை கொஞ்சம் சின்னதாக மூடும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் சங்கத்துப் பெரியம்மா சாக்கோடு வருவாள். எங்கள் வீட்டு ரேஷன் அரிசியும் வாத்தியார் வீட்டுப் பொன்னியும் ஒரே சாக்கில் விழும்.

ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம். காணிக்கையாக வந்த பூசணி, முருங்கைக்காய்க் கட்டு, கால் கட்டின சேவல் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, "முதல் தரம், ரெண்டாம் தரம்" என்று சபை ஊழியர் கூவுவார். பனையேறுகிற ஒரு மாமா, தன் வீட்டிலிருந்து வந்த பூசணியைத் தானே சந்தை விலையைப் போல ரெண்டு மடங்குக்கு ஏலம் எடுப்பார். ஏன் இப்படிச் செய்கிறார் என்று சின்ன வயசில் எனக்குப் புரியவே இல்லை. அவருக்கு அந்தப் பூசணி வேண்டியிருக்கவில்லை, கொடுக்க ஒரு வழி வேண்டியிருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது வெளிநாட்டுக் காசை எதிர்பார்க்காமல் இங்கே சேர்ந்த காசில்தான் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். அதன் பின்னால் நின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. 1912இல் அவர் தோர்ணக்கல் பேராயர் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். பரம்பரையாக மற்றவர் வாசலில் கை ஏந்தி நிற்கப் பழக்கப்பட்ட ஜனம், பார்க்காத ஊருக்கும் தன் உலையரிசியில் பங்கு உண்டு என்று எண்ணத் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் சபை செய்த பெரிய காரியம் இதுதான் என்பது என் எண்ணம். வாங்கின கை கொடுத்தது. உங்கள் ஊரில் எப்படி?

லேஸ் பாட்டி பேத்தி

நாகர்கோவில். அண்ணன் சொன்ன "வாங்கின கை" எங்கள் பாட்டி கைதான்.

பாட்டி திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து மடியில் கெட்டியான உருண்டைத் தலையணையை வைத்துக்கொள்வாள். அதன் மேல் புள்ளி குத்திய அட்டை, அட்டை நிறையக் குண்டூசி, ஊசிகளைச் சுற்றி நூல் கட்டின சின்னச் சின்ன மரக்கட்டைகள். கட்டைகளை இடமும் வலமும் மாற்றி மாற்றிப் போடுவாள். கண் எங்கள் மேல் இருக்கும், வாய் திட்டும், விரல் மட்டும் தப்பாது. மதியம் சாப்பிட்டுப் படுத்தால் அந்தக் கட்டைச் சத்தத்தில்தான் தூக்கம் வரும்.

மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மா 1820களில் இங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்து லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது, 1855இல்தான் ஒழிந்தது. லேஸ் கூலியைச் சேர்த்து வைத்துத் தங்களையே விலை கொடுத்து மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். மேலாடை போடும் உரிமைக்காக அடிபட்டு, 1859இல் அரசாணை வாங்கிய சமூகத்துப் பெண்கள் பலர் படித்ததும் இப்படிப்பட்ட பள்ளிக்கூடங்களில்தான்.

எங்கள் பாட்டி காலத்தில் அடிமைத்தனம் கிடையாது, கஷ்டம் உண்டு. அத்தை நர்ஸ் படிப்பில் சேர்ந்த பணம் முழுக்க லேஸ் பணம். தாத்தாவிடம் கேட்க வேண்டிய தேவை பாட்டிக்கு இருக்கவில்லை. பெண்ணுக்குத் தனியாக ஒரு சம்பாத்தியம் வந்தால் வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பதே மாறிவிடும். அதை நான் என் வீட்டில் பார்த்தேன்.

பாலாற்றங்கரை

எங்கள் தாத்தாவுக்குத் தொழுநோய் இருந்தது. வெளியே சொல்லாமலே வளர்ந்தோம், இப்போது சொல்லலாம் என்று தோன்றுகிறது.

வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரியில் பால் பிராண்ட் என்ற டாக்டர் 1940களின் கடைசியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை தொடங்கினார். விரல் குறைந்துபோவதற்குக் காரணம் சதை தானாக அழுகுவது என்றுதான் அதுவரை எல்லாரும் நினைத்திருந்தார்கள். உணர்ச்சி போய்விட்டதால் சுட்டாலும் குத்தினாலும் தெரியாமல் காயம் பெருகுகிறது என்பதை அவர் காட்டினார். அப்படியானால் காலைக் காப்பாற்ற நல்ல செருப்பு வேண்டும். அதற்காக வந்ததுதான் எம்.சி.ஆர். செருப்பு. அடியில் மெத்தென்ற ரப்பர், ஆணி கிடையாது. தாத்தா வேலூர் பக்கம் கரிகிரித் தொழுநோய் ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுத்து, அந்தச் செருப்பு போட்டு நடந்து, பிறகு அங்கேயே செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். வருகிறவர்கள் காலைக் காகிதத்தில் வைத்து அளவு வரைந்துகொள்வார். வழக்கமான வடிவத்தில் இல்லாத கால்கள் அவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வெட்ட வேண்டும்.

நான் சொல்ல வந்தது அதுகூட இல்லை. ஊர்ச் சபையில் திருவிருந்து நாளில், அதாவது அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற நாளில், எல்லாரும் குடிக்கிற ஒரே பாத்திரம். தாத்தா கடைசி ஆளாகத்தான் போய் முழங்கால் போடுவார். நோய் குணமானபிறகும் அப்படித்தான், யாரும் அவருக்குப் பின்னால் போக மாட்டார்கள். புதிதாக வந்த ஆயர் குடும்பம் இதை ரெண்டு மூன்று மாதம் பார்த்தது. ஒரு ஞாயிறு, தாத்தா எழுந்து போனதும் ஆயரம்மா அதுவரை காத்திருந்து அவருக்குப் பக்கத்தில் போய் முழங்கால் போட்டு, அவர் குடித்த பாத்திரத்தில் அடுத்ததாகக் குடித்தார்கள். பிரசங்கத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அதற்குப் பிறகு தாத்தா நடுவில் போய் நின்றாலும் யாரும் விலகவில்லை. ஆஸ்பத்திரி கையைச் சரிசெய்தது. ஊர் அவரைத் திரும்ப ஏற்றுக்கொண்டதற்கு அந்த அம்மாதான் காரணம்.

தேரிமணல்

தம்பி, இதை எழுதினதற்கு நன்றி. தாத்தா செருப்புத் தைத்ததையும் சேர்த்து எழுதினீர்களே, அது போதும்.

பெயர் வேண்டாம்

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. நானும் சபைக்காரன்தான், ஐந்து தலைமுறையாக. மாவட்டம் சொல்லமாட்டேன்.

எங்கள் தெருவிலும் பிடி அரிசி வாங்குவார்கள். சபையார் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு வரி வாங்குவார்கள். பந்தியில் எல்லாரும் சேர்ந்துதான் உட்காருவோம், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அண்டா வைக்கிற இடத்துக்கு எங்கள் ஆட்களைக் கூப்பிட்டதே இல்லை. ஓலைப்பாயில் கொட்டின சோற்றை அள்ளுகிற கை, கறிக்குழம்பு ஊற்றுகிற கை எல்லாம் மேலத்தெருக் கைதான். கல்லறைத் தோட்டமும் ரெண்டு. அண்ணன் "வாங்கின கை கொடுத்தது" என்று எழுதியிருக்கிறார். எங்கள் அரிசியை வாங்கிக்கொள்கிறார்கள், எங்கள் கையால் சமைத்ததை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். அப்போது எங்கள் கை எங்கே இருக்கிறது?

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவனான தலித்துக்கு அட்டவணைச் சாதிச் சலுகை இல்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். சபைக்குள் நாங்கள் பார்ப்பது வேறு. ரெண்டு பக்கமும் அடி.

நான் சபையை விட்டுப் போகவில்லை, போகப்போவதும் இல்லை. எங்கள் தெருவில் முதல் பள்ளிக்கூடத்தை நடத்தியது அதே சபையின் உபதேசியார்தான். என் கொள்ளுத்தாத்தா கையெழுத்துப் போடக் கற்றது அங்கேதான். அந்தக் கடன் இருக்கிறது. அதனால்தான் சண்டை போடுகிறேன்.

தேரிமணல்

இதற்குப் பதில் சொல்லி மழுப்ப விரும்பவில்லை. அண்ணன் சொல்வது எங்கள் பக்கத்திலும் உண்டு. அசனத்தில் யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். யார் பரிமாறுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அண்டா பக்கத்தில் நிற்க விடாத சபை ஊரை மாற்றினேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அலைவாய்க்கரை

தூத்தூர் பக்கம். நாங்கள் கத்தோலிக்கர். ஒக்கி புயல் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

2017 நவம்பர் 30. எங்கள் ஆட்கள் ஆழ்கடல்காரர்கள், நாள்கணக்காகக் கடலிலேயே தங்கித் தொழில் செய்பவர்கள். புயல் எச்சரிக்கை வந்தபோது பலர் நெடுந்தூரம் போயிருந்தார்கள். எத்தனை பேர் காணோம் என்று அதிகாரிகள் ஒரு கணக்கு, டிவியில் ஒரு கணக்கு. எங்களுக்குத் தெரிந்த கணக்கு பங்குச் சாமியார் வீட்டு வராந்தாவில் இருந்தது. நீரோடி முதல் இரையுமன்துறை வரை ஒவ்வொரு பங்கிலும் இதே வேலைதான் நடந்தது.

அன்பியம் என்று எங்களிடம் உண்டு. பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த சின்னக் கூட்டம், வாரா வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிறது. அன்பியத் தலைவிக்கு எந்த வீட்டில் யார் எந்தப் படகில் போயிருக்கிறார் என்று தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். பங்குத்தந்தை ஒரு நோட்டைக் கொடுத்தார். படகின் பெயர், முதலாளி பெயர், ஆட்கள் பெயர், எந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்பினார்கள், வயர்லெஸ்ஸில் கடைசியாக யாரிடம் பேசினார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை எழுதச் சொன்னார்கள். எங்கள் அன்பியத் தலைவியின் வீட்டுக்காரர் பெயரும் அந்த நோட்டில் இருந்தது. அந்த அக்கா தன் வீட்டில் உட்கார்ந்து அழாமல் வீடு வீடாகப் போய்ப் பெயர் கேட்டு வந்து சொன்னாள். வெளியூரிலிருந்து வந்து எங்கள் படகில் வேலை பார்த்தவர்கள் பெயரை அவள்தான் நினைவுபடுத்தினாள். "அவங்களுக்கு இங்க அழ ஆள் இல்ல, அதனால முதல்ல எழுது" என்றாள். கரையேறியவர்கள் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவோம். அவள் வீட்டுக்காரர் பெயருக்கு நேரே கோடு போடவே இல்லை.

டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறையில் ஆயிரக்கணக்கில் ரயில் பாதையில் உட்கார்ந்தோம், சாமியார்களும் கூடவே உட்கார்ந்தார்கள். உடல் கிடைக்காத ஆளை இறந்தவர் என்று அறிவிக்கச் சாதாரணமாக 7 வருஷம் காத்திருக்க வேண்டும். அதைத் தளர்த்தித்தான் இழப்பீடு கொடுத்தார்கள். அதற்கு ஒவ்வொரு பெயரையும் நிரூபிக்க வேண்டி இருந்தது. அந்த நோட்டு இல்லாவிட்டால் எத்தனை பெயர் விட்டுப்போயிருக்குமோ. புயலுக்குப் பிறகு அரிசி மூட்டையோடு வந்தவர்கள் நிறைய, அவர்களுக்கும் நன்றி. ஆனால் பெயர் தெரிந்தவர்கள் இங்கேயே இருந்தார்கள்.

மானிப்பாய்

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் சைவக் குடும்பம்.

எங்கட ஊர் ஆஸ்பத்திரி சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் தொடங்கியது. 1847இல் இலங்கைக்கு வந்தவர். தமிழ் படித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே படிப்பித்து உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்தியர்களாக்கினவர். அம்மம்மா பிறந்தது அந்த ஆஸ்பத்திரியில். "ஏன் சமயம் மாறவில்லை என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை" என்று அம்மம்மா சொல்லுவா.

1995 யூலை 9, பக்கத்தில் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் குண்டு விழுந்தது. இடம்பெயர்ந்து வந்த சனம் கோயில் வளவுக்குள் நிறைந்திருந்தது, சைவமும் வேதமும் (கிறிஸ்தவர்களும்) கலந்துதான். பக்கத்து முருகன் கோவிலிலும் அப்படியே. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அதற்கு மேல் அதை எழுத எனக்கு இயலாது. குண்டு விழுமென்று தெரியாமலா கதவைத் திறந்துவைத்தார்கள்? அந்தக் காலத்தில் எந்தக் கட்டடத்திலும் விழலாம் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் திறந்தார்கள். அதைத்தான் நான் இங்கே பதிய விரும்பினேன்.

போரூர்க்காரி

சென்னை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் சபை ஹாலைத் திறந்தோம். முதலில் வந்தவர்கள் பக்கத்துக் கட்டட வேலையில் இருந்த ஒடிசாத் தொழிலாளிகள். உப்புமா கிண்டிப் போட்டோம், போர்வை கொடுத்தோம், நமக்குத்தான் இது பழக்கமாயிற்றே. தண்ணீர் வடிந்ததும் அவர்களே மண்வெட்டி எடுத்துக்கொண்டு எங்கள் தெரு முழுக்கச் சேறு அள்ளினார்கள். காசு நீட்டியபோது வாங்க மறுத்துவிட்டார்கள். இந்த இழையைப் படித்தபிறகுதான் அதன் கனம் எனக்குப் புரிகிறது.

தேரிமணல் அண்ணா, ஒரு சந்தேகம். எங்கள் சபையில் பிடி அரிசி ஆரம்பிக்கலாம் என்று பெண்கள் ஐக்கியத்தில் பேச்சு வந்தது. அபார்ட்மென்ட் வீடுகள், பாதிப் பேர் இரவில் சப்பாத்திதான் சாப்பிடுகிறார்கள். பேசாமல் பணமாக வாங்கிவிடலாம் என்கிறார்கள். என்ன சொல்கிறீர்கள்?

தேரிமணல்

பணமாக வாங்காதீர்கள் தங்கச்சி. பணம் என்றால் மாசத்துக்கு ஒரு தடவை அப்பா எடுத்துக் கொடுப்பார், வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியாமலே போய்விடும். அரிசி என்றால் சமைக்கிற ஆள் ஒவ்வொரு நாளும் அள்ள வேண்டும், பிள்ளைகள் பார்ப்பார்கள். சப்பாத்தி வீட்டில் மாவு போடட்டும், தப்பில்லை. பச்சரிசிக்கும் புழுங்கலுக்கும் தனித்தனிச் சாக்கு வையுங்கள், கலந்தால் சமைக்க முடியாது. ரெண்டு வாரத்துக்கு மேல் தேக்காதீர்கள், வண்டு விழும். டப்பாவில் ரெண்டு காய்ந்த மிளகாய் போட்டுவைக்கச் சொல்லுங்கள். அப்புறம், சேர்ந்த அரிசியை எங்கே கொடுப்பது என்று முடிவு பண்ணுகிற கூட்டத்துக்கு அந்த ஒடிசாக்காரர்களில் யாராவது இன்னும் அங்கே இருந்தால் கூப்பிடுங்கள்.